பஞ்சநதத்துக்கு நினைவு திரும்பியது

ஃபேனுக்கு நேராக உட்காருங்கள், மேடம். இந்த வீட்டில் காற்று வருகிற இடம் அது ஒன்றுதான். நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் பஞ்சநதத்துக்கு அல்சைமர் என்றதும் ஊரே எனக்காக வருத்தப்பட்டது. அவரைக் குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் எனக்குப் பாரமாக இல்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

"ஈஸ்வரி, வானதி காலேஜ்லேருந்து வந்துட்டாளா?"

வானதி எங்கள் ஒரே மகள். செத்துப் பல வருஷமாகிறது. அந்த வருஷக் குறுவை நெல்லில் எலித் தொல்லை தாங்காமல் இவர் வரப்போரம் கம்பி கட்டித் திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. அப்பாவுக்குக் காபி கொடுத்துவிட்டு வா என்று நான்தான் அவளை அனுப்பினேன்.

அலறல் கேட்டு ஓடினேன். வானதி சேற்றில் கிடந்தாள். விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.

"கிட்ட போவாத, இன்னும் கரண்ட் இருக்கு" என்றார் இவர். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன். அதைச் சொன்னவர் வெறுங்கையால் அந்தக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார், மேடம். கம்பியைப் பார்த்தால் கேஸாகிவிடும் என்று பயம். அதை ஒளித்து வைத்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பாம்பு தீண்டிவிட்டது என்று ஊரை நம்பவைத்து அந்தி சாய்வதற்குள் எரித்தும் விட்டார். அப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவதான் பொண்ணை வயலுக்கு அனுப்பினா" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு மகள் உயிரோடு இருந்தாள். எனக்கு மட்டும் செத்திருந்தாள்.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டெம்செல் சிகிச்சை பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். டாக்டர் பரணிதரன் நல்ல மனிதர்.

"இதுல குணமாகும்னு இன்னும் யாரும் நிரூபிக்கலைம்மா. ரொம்ப நம்பிடாதீங்க."

"கொஞ்சம் ஞாபகம் வந்தாப் போதும், டாக்டர்."

"பழைய விஷயங்களைப் பேசிக்கிட்டே இருங்க. அதுவும் நல்லதுதான்."

இடுப்பெலும்பில் மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து பிரித்து வளர்த்த செல்களை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஊசியைக் கண்டால் இவர் என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் தடவிக் கொடுப்பேன். இப்படி ஒரு மனைவி அமையவேண்டும் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள்.

டாக்டர் சொன்னபடி தினமும் பேசினேன். வானதி செத்துவிட்டாள் என்று ஆரம்பித்து, கம்பி, சேறு, விரல் என ஒன்று விடாமல் சொல்வேன். குரலை உயர்த்தியதில்லை. அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி தலையில் அடித்துக்கொண்டு அழுவார். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மறந்திருப்பார். மறுநாள் மறுபடி சொல்வேன்.

மருந்தோ, என் பேச்சோ, எது என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

"அவ விரல் அசைஞ்சுது. நான் பாத்தேன்."

அதற்கப்புறம் மகள் வந்துவிட்டாளா என்று கேட்கவே இல்லை. "ஆஸ்பத்திரி வேணாம், என்னை விட்டுடு. நான் மறந்துடறேன்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அடுத்த ஊசிக்கும் அழைத்துப் போனேன்.

வழி தெரியாமல் வெட்டாற்றில் இறங்கிவிட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படியில்லை. "பொண்ணுகிட்டப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். நான் படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் பயந்துபோய்க் கையை நீட்டினார். எட்டிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், கொஞ்சகாலமாக என்னையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவர், மேடம். கடைசியில் ஈஸ்வரி, ஈஸ்வரி என்று எவ்வளவு தெளிவாகக் கூப்பிட்டார் தெரியுமா? அதை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார்.