நிழல் அளவு வராத நண்பகல்

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் மன்றத்தின் தலைவர் பரமசிவன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அரைநாள் வேலையை விட்டு வந்திருக்கும் தீப்பெட்டி ஆலைச் சகோதரிகளே, குளத்தூரிலிருந்தும் எட்டயபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும், நிலத்தில் பாடுபடும் சம்சாரிகளே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் மகள் முத்துச்செல்வியே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பேசத் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். எனக்குச் சங்கிலி பிடிக்கத்தான் தெரியும். நில அளவையர் சோலைச்சாமி அவர்களிடம் இருபத்தாறு ஆண்டுகள் செயின்மேனாக வேலை பார்த்தவன் நான். சங்கிலியின் ஒரு முனையில் அவர் இருப்பார், மறுமுனையில் நான் இருப்பேன். இந்தக் கரிசல் காட்டில் நாங்கள் நடக்காத வரப்பு உண்டா?

அவர் எப்படி அளந்தார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். குளத்தூர்ப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு எல்லைத் தகராறு. எல்லைக் கல்லை இரவோடு இரவாக நகர்த்திவிட்டான் என்று ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு, ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. சோலைச்சாமி அவர்கள் பக்கத்துக் கல்லை நம்பவில்லை. பாறைமேல் அடித்த பழைய கல் ஒன்றைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து இரண்டு நாள் அளந்து வந்தார். கடைசியில் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: “யாரும் நகத்தலய்யா. கோடையில மண்ணு வெடிக்குது, மழையில ஊதுது. கல்லு அதோட நடந்திருக்கு.” அந்த அண்ணன் தம்பிதான் இன்று மூன்றாம் வரிசையில் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெற்றார். ஓய்வுபெற்ற இரண்டாம் வருஷம் அவர் துணைவி ஆறுமுகத்தாய் காலமானார். அடுத்த வருஷம் ஒரே மகள் முத்துச்செல்விக்கு நார்வே நாட்டின் வடகோடியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. “போயிட்டு வா தாயி” என்று வழியனுப்பிவிட்டு வந்தார். வீட்டில் அவர் மட்டும்தான்.

நவம்பர் கடைசியில் அந்த ஊரில் சூரியன் மறைந்தது. மறுநாள் உதிக்கவில்லை. அதற்கு மறுநாளும் உதிக்கவில்லை. ஒன்றரை மாதம் உதிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்துவைத்திருப்பது வேறு, அதற்குள்ளே இருப்பது வேறு அல்லவா? அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. போனில் அழுதாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்டாள்.

அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். சமையலறையில் இருந்து ஒரு நார்த்தங்காயை எடுத்துவந்து, நடுவில் கம்பியைச் செருகி, எரிகிற பல்பைச் சுற்றி நடந்து காட்டினார். காயைத் தட்டினால் அது கம்பியில் சுற்றுகிறது. இரவும் பகலும் வருகிறது. ஆனால் கம்பி நேராக இல்லை, சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வை மாற்றாமலே பல்பைச் சுற்றுகிறது. ஒரு பக்கம் வந்தபோது காயின் உச்சியில் வெளிச்சமே படவில்லை. எத்தனை முறை சுழற்றினாலும் படவில்லை.

“அங்கனதான் எம் பிள்ள இருக்கு” என்று அந்த உச்சியைத் தொட்டுக் காட்டினார்.

சூரியன் தெற்கே சாயும் காலத்தில்தானே நமக்கு வாடைக்காற்று மழையைக் கொண்டுவருகிறது? அந்த மழையில்தானே நம் உளுந்தும் பாசியும் முளைக்கின்றன? அவள் ஊருக்கு இருட்டைக் கொடுத்த அதே சாய்வுதான் நம் கரிசலை நனைத்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் நல்ல மழை என்று சந்தோஷப்பட்டது. அவர் சந்தோஷப்படவில்லை.

மறுநாள் மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கம்பி ஒன்றை நட்டு, சிமென்ட் பூசினார். உச்சிவேளையில் அதன் நிழல் மிகவும் குறுகும் நேரத்தில் அதை அளப்பது. அளந்ததும் மகளைக் கூப்பிட்டுச் சொல்வது. இங்கே உச்சிவெயில் அடிக்கும்போது அங்கே அவள் வேலைக்குக் கிளம்பும் காலைநேரம். சூரியன் அவளைவிட்டு விலகிப் போகப் போக இங்கே நிழல் நீளும். நிழல் குறையத் தொடங்கினால் சூரியன் அவளை நோக்கித் திரும்பிவிட்டது என்று பொருள். முதல் நாள் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான்.

நடுவில் நாலு நாள் மழைமூட்டம். வெயிலே இல்லை. ஏதாவது ஒரு கணக்கைச் சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி, பிள்ளை காத்திருக்கும் என்று நான் சொன்னேன். அவர் போனை எடுத்து, “இங்கனயும் இன்னைக்கு நிழல் இல்ல தாயி. அளக்காம நான் எப்படிச் சொல்லுதது?” என்றார்.

டிசம்பர் நடுவில் அறுபத்து நான்கில் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றேவிட்டது! பத்து நாளுக்குமேல் அதே அளவு. ஒவ்வொரு நாளும் அவள் குறைஞ்சிருக்காப்பா என்று கேட்பாள். இவர் இல்லை என்பார். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி அறுபத்து மூன்றரை. மூன்று தடவை அளந்து பார்த்தார். அதன்பிறகுதான் கூப்பிட்டார். “குறையுது தாயி” என்றார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

ஜனவரி தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் போகிறதாம். அதையும் மகளிடம் சொல்லியிருக்கிறார். “பக்கத்துல இருந்தும் தெரியலையேப்பா” என்றாளாம். இந்த வார்த்தையை அவர் என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்போது எனக்கு அதில் ஒன்றும் படவில்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்கு வெட்கம். இரண்டாம் குளிர்காலத்தில் நான் அந்த மாடிக்குப் போனது மூன்று தடவை. முழங்கால் வலி என்று சொன்னேன். இந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவைகூடப் போகவில்லை. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நாலு தெரு. நாலே தெரு!

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி மதியம் ஒரு மணிக்கு என் போன் அடித்தது. முத்துச்செல்வி பேசினாள். “மாமா, அப்பா இன்னும் நிழல் சொல்லல. எடுக்கவும் மாட்டேங்கிறாவ. கொஞ்சம் போய்ப் பாருங்க மாமா.”

போனேன். வாசலில் பால் பாக்கெட் வெயிலில் கிடந்தது. அன்றைய பேப்பர் கிடந்தது. உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தார். விடியற்காலையிலேயே உயிர் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அந்தப் பால் பாக்கெட்டைத் தாண்டி அந்தத் தெருவில் எத்தனை பேர் நடந்திருப்போம்? நம் கோவில்பட்டியில் ஒரு மனிதர் பேச்சற்றுப் போனதைக் கோவில்பட்டியில் யாரும் அறியவில்லை. பூமியின் உச்சியில், சூரியன் இல்லாத ஊரில் இருந்த ஒரு பெண்தான் அறிந்தாள்.

அவளுக்கு விமானம் கிடைத்து வந்துசேர மூன்று நாள் ஆனது. எல்லாம் முடிந்தபிறகு, நேற்று முன்தினம், நான் அவளிடம், நீ திரும்பிப் போனபிறகு இனி நான் நிழலை அளந்து உனக்குச் சொல்கிறேன் தாயி என்றேன். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னாள்: “ரெண்டாவது வருசமே எனக்கு அந்த இருட்டு பழகிருச்சு மாமா. கூட நாலு பிள்ளைக இருக்காவ, ஒண்ணாச் சமைக்கோம், சிரிக்கோம். நிழல் எனக்குத் தேவைப்படல. நான் கேக்கலன்னா அப்பா மாடிக்கு ஏற மாட்டாவ. அன்னைக்கு முழுசும் யாருகிட்டயும் பேசியிருக்க மாட்டாவ. அதுக்குத்தான் தினமும் கேட்டேன்.”

பெரியோர்களே! இருட்டு அங்கே இருக்கிறது என்று நாம் நினைத்தோம். சூரியன் தினமும் தவறாமல் உதிக்கிற இந்த ஊரில், பன்னிரண்டு மணி வெயில் மண்டையைப் பிளக்கிற இந்த ஊரில், ஒரு மனிதர் நாளுக்கு ஒரு போன் பேச்சுக்காகப் படியேறியிருக்கிறார். அந்தச் சில நிமிஷத்துக்காக மீதிப் பகல் முழுவதும் காத்திருந்திருக்கிறார். அதைக்கூட மகளுக்குச் செய்கிற உதவி என்று நம்பியே செய்திருக்கிறார்.

அந்த மாடிக் கம்பி அங்கேயே இருக்கட்டும் என்று முத்துச்செல்வி சொல்லிவிட்டாள். நான் அளப்பேன். ஆனால் சோலைச்சாமி அவர்களின் பெயரால் நாம் ஏற்க வேண்டிய பணி அது மட்டுமா? நம் மன்றத்தில் தனியாக வசிப்பவர்கள் யார் யார் என்று நேற்று உட்கார்ந்து எழுதினேன். பத்துப் பேர். நாளை முதல் தினமும் உச்சிவேளையில் அவர்கள் ஒவ்வொருவரின் கதவையும் நம்மில் ஒருவர் தட்ட வேண்டும். போன் போதாது, ஆள் போக வேண்டும். நலமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது, உட்கார வேண்டும். தலைவர் பரமசிவன் அவர்களே, உங்கள் பெயரும் அந்தப் பத்தில் இருக்கிறது. நாளை நான் வருகிறேன். இந்த உறுதியை நாம் எல்லோரும் எழுந்து நின்று ஏற்போம்.

அதற்குமுன் ஒரு திருத்தம். பட்டியலில் பதினோராவதாக ஒரு பெயர் உண்டு. நேற்று எழுதக் கை வரவில்லை. இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: இசக்கியப்பன், ஓய்வுபெற்ற செயின்மேன். மனைவி இறந்து ஆறு வருஷமாகிறது. பகலில் வீட்டில்தான் இருப்பேன்.