மெதுவா வா

சாராள், உன் மீன் குழம்பில் எப்போதுமே புளி கொஞ்சம் தூக்கல். ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கொண்டுவருகிறாய். நானும் ஐந்து வருடமாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமலே சாப்பிட்டுவிடுகிறேன். சர்ச்சுக்குப் போய்விட்டு வெயிலில் தூக்குவாளியோடு வந்து நிற்கிற பெண்ணிடம் குறை சொல்ல வாய் வருமா? இன்றைக்குச் சொல்லிவிட்டேன். ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதும் சுலபமாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

உட்கார் கண்ணு. அந்த முக்காலி ஆடும், பாயிலேயே உட்கார்.

கருங்குழி மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாமே. தாவீது நல்ல பையன். உன்னைவிட வயது கூட என்றாலும் குடி கிடையாது, கோபம் கிடையாது. "உங்கள வுட்டுட்டு எப்படிக்கா போவேன்? வரதன நான்தான பீச்சாண்ட வரச் சொன்னேன்?" என்று சற்றுமுன் அழுதாய். ஒவ்வொரு டிசம்பரிலும் அழுவதுதான். நானும் உன் தலையைத் தடவி, "வுடும்மா, விதி" என்பேன். அப்படிச் சொல்வது எனக்கு ஒருநாளும் சிரமமாக இருந்ததில்லை. அதை நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் தம்பி வரதன் எப்படிச் செத்தான் என்பதை முறையாகச் சொல்கிறேன். நடுவில் எழுந்துவிடாதே.

அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் தாவணி போட்டிருந்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார்கள். தம்பி என்றால் நம்புகிற முகமாக ஒன்றுகூட இல்லை. அப்புறம் கேட்கவும் யாரும் வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. அவனைத் தூக்கிக்கொண்டு இந்தப் புதுப்பட்டினத்துக்கு வந்தேன், இட்லிக் கடை போட்டேன், வளர்த்தேன். வளர்ந்ததும் கேஸ் ஏஜென்சியில் சேர்ந்தான். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் மாடிகளுக்கெல்லாம் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவான். நீ அங்கே குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாய். கேட்டைத் திறந்து பிடித்துக்கொள்வாயாம், அவன்தான் சொன்னான்.

சிலிண்டர் தூக்கித் தூக்கி அவனுக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றின் ஓரமாக ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். இடம் அப்படிப்பட்ட இடம் என்பதால் வெட்கப்பட்டு என்னிடமே நெடுநாள் மறைத்திருக்கிறான். வலியில் ஒருநாள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டபோதுதான் தெரிந்தது. செங்கல்பட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்குச் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்துபோய்க்கொண்டிருந்தார். வயிற்றைக் கிழிக்காமல் மூன்று துளை போட்டுச் செய்கிறவர் என்றார்கள். அங்கே அழைத்துப்போனேன்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பயம். பயத்தில்தான் மனிதர்கள் உள்ளதைச் சொல்கிறார்கள்.

"அக்கா, நல்லபடியா திரும்பி வந்தா சாராளைக் கட்டிக்கலாம்னு கீறேன். படூர்ல அபார்ட்மெண்டு கட்றாங்க. அங்க வேலை சொல்லி வச்சிகீறேன், தங்க ரூமும் தராங்க."

"ஒரு ரூமா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா, சின்னதுதான்," என்றான். நான் எதற்காகக் கேட்டேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

உன் மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை, சாராள். நமக்குள் சாதி ஒன்றுதான், சாமிதான் வேறு. சாமியைக் காரணம் காட்டிச் சண்டை போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவன் உன்னோடு போயிருப்பான். அவ்வளவு பெரிதாகவெல்லாம் நான் எதையும் செய்யவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு டிவி வைத்திருந்தார்கள். உள்ளே நடப்பது அதில் தெரியும். அந்த டாக்டருக்கு அதில் ஒரு பெருமை. மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், நான் பார்த்தேன். கோழியைச் சுத்தம் செய்யும்போது தெரிகிற மாதிரி இளஞ்சிவப்பாக, பளபளவென்று இருந்தது என் தம்பியின் வயிறு. இரண்டு நீளக் கம்பிகள் நுழைந்து குடலை மெல்ல மேலே இழுத்தன. பிறகு ஒரு வெள்ளை வலையை வெற்றிலை மாதிரிச் சுருட்டி, துளை வழியாக உள்ளே விட்டு விரித்தார்கள். கொசுவலைத் துணி போலத்தான் இருந்தது. பெற்றவள்கூடப் பிள்ளையை இவ்வளவு உள்ளே போய்ப் பார்த்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

முடிந்ததும் டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் பிடித்துவிட்டது. வெளிநாட்டில் இன்னும் பெரிய வித்தை வந்திருக்கிறதாம். டாக்டர் மூலையில் உட்கார்ந்து விரலை அசைப்பாராம், நோயாளியின் வயிற்றுக்குள் ஒரு இயந்திரத்தின் கைகள் அதன்படியே அசையுமாம். "பேஷண்ட்டைத் தொடக்கூட வேண்டாம்மா," என்றார். நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டேன். அப்புறம், "வரதனோட ஆள் நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

நம் ஊர் டாக்டர்கள் எதையும் நோயாளியிடம் சொல்ல மாட்டார்கள், கவனித்திருப்பாய். கூட வந்தவரைத்தான் கூப்பிடுவார்கள். மயக்கத்தில் கிடந்தவனுக்கு வேண்டிய வார்த்தைகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நாளைக்கே வீட்டுக்குப் போகலாம், நன்றாக நடக்கட்டும், இரண்டு வாரத்தில் சைக்கிள் ஓட்டட்டும், ஆறு வாரம் போனால் சிலிண்டரே தூக்கலாம், வலை சதையோடு சதையாக ஒட்டிக்கொள்ளும், ஒரு தடவை திரும்ப வந்து காட்டினால் போதும், பயமே வேண்டாம். இதுதான் அவர் சொன்னது. ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"இன்னாக்கா சொன்னாரு டாக்டரு?"

"மெதுவா இருக்கணும்னாரு," என்றேன்.

அது பொய்யில்லை. அன்றைக்கு அவன் மெதுவாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்துச் சைக்கிளைத் துடைத்தான். "வாணாம், உள்ள போட்ட வலை புதுசு. நான்தான் கண்ணால பாத்தேனே, கொசுவலையாட்டம் மெல்லிசா கீது," என்றேன். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டான். தையல் போட்ட இடம் கொஞ்ச நாளைக்கு இருமினால் சுரீர் என்னும், யாருக்கும் உள்ளதுதான். "வலை இழுக்குது, அதான்" என்றேன். அதிலிருந்து இருமும்போதும் தும்மும்போதும் வலது கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வான். பிறகு நடக்கும்போதும் பிடித்துக்கொண்டான். அவனோடு வேலை பார்த்த ஆல்வின் ஒருநாள் கடைக்கு வந்து கிண்டல் செய்தான்.

"இன்னா மச்சான், உள்ள முட்டையா கீது? அடை காக்கறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வரதனும் சிரிக்கப் பார்த்தான். வலைக்குப் பயந்து பாதியில் நிறுத்திக்கொண்டான்.

திரும்ப வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். பஸ் குலுக்கல் அவனுக்கு ஆகாது என்று சொல்லி நான் மட்டும் போனேன். "வலி இல்லையே? அப்ப எதுக்கும்மா வரணும், நல்லாருக்கான்," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வீட்டுக்கு வந்து, "முன்னவிட ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாரு" என்றேன். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், மாவைக் கரைத்துக்கொண்டே, "கல்யாணம் காட்சில்லாம் இப்போதைக்கு வாணாம்னாரு. ஒடம்பு தாங்காதாம்" என்றேன். அவன் காது சிவந்துவிட்டது. அக்காவிடம் அதற்குமேல் என்ன கேட்பான்? உன்னிடம்தான் எப்படிச் சொல்வான்? கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தான், இல்லையா?

வேலை போயிற்று. படூர் வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். அவன் கடையில் உட்கார்ந்து தேங்காய் துருவினான். இரண்டு சிலிண்டரை இரண்டு தோளிலும் வைத்துக்கொண்டு மாடி ஏறியவன், தண்ணீர்க் குடத்தை நான் தூக்கிவரும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வான். குடம் தூக்குவது எனக்குப் பாரமாகவே இருந்ததில்லை. அடுப்படியில் உட்கார்ந்தபடி நான் "ம்" என்றால், வாசலில் எடுத்த காலை உள்ளே வைத்துவிடுவான். அந்த டாக்டர் சொன்ன வெளிநாட்டு வித்தை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த இரண்டு வருடமும் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். சாயங்காலம் டிவி பார்ப்போம். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். ராத்திரி அவன் தூக்கத்தில் புரண்டால்கூட எழுந்து பார்ப்பேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நீ கேக் கொண்டுவந்தாய். அன்று நீ பேசியதை நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"எங்க காப்பகத்துக்கு வர பாப்பாவோட அப்பா, இதே ஆபரேஷன் பண்ணிகினு மூணாம் மாசமே பாட்மிண்டன் ஆடறாரு. உனுக்கு மட்டும் இன்னா, பேப்பர்லயா வலை போட்டாங்க? திங்கக்கிழமை செங்கல்பட்டு போறோம். டாக்டர நானே கேக்கறேன்."

"அக்கா கேட்டாங்க சாராள்..."

"நான் கேக்கலல்ல? நாளைக்கு சர்ச் முடிஞ்சி பீச்சாண்ட வரேன், அங்க இரு. பேசிக்கலாம்."

நீ போன பிறகு அவன் கண்ணாடி முன் நின்று, சட்டையைத் தூக்கி வயிற்றை வெகுநேரம் பார்த்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகச்சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் சத்தம் கேட்டது. கடல் வருகிறது, கடல் வருகிறது என்று கத்திக்கொண்டு ஜனங்கள் ஓடிவந்தார்கள். நான் வீட்டுச் சொந்தக்காரர் மாடிப்படியில் பாதிவரை ஏறி நின்றேன். அங்கிருந்து தெரு முழுவதும் தெரிந்தது. கிரிக்கெட் மட்டையோடு பையன்கள் ஓடினார்கள். ஒரு பெண் புடவையை முழங்காலுக்குமேல் வாரிக்கொண்டு ஓடினாள். அத்தனை பேர் நடுவில் வரதன் நடந்துவந்தான். வலது கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, நான் பழக்கிய மாதிரியே நடந்துவந்தான். ஆல்வின் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். "ஓடு மச்சான்!" என்றான். வரதன் கையை உதறிக்கொண்டான். ஆல்வின் ஓடிவிட்டான்.

அப்போது வரதன் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, ஓடட்டுமா?"

ஒரு காலை முன்னால் வைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விளையாடப் போகட்டுமா என்று என்னைக் கேட்பான், அதே முகம். அவன் ஓடியிருந்தால் படிக்கு வந்து சேர்ந்திருப்பான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சிலிண்டர் தூக்கின கால்கள்.

நான் என்ன நினைத்தேன் என்பதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது எப்படிப்பட்ட தண்ணீர் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? முழங்கால் அளவு வரும், துணி நனையும் என்றுதான் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவன் ஓடினால் எதுவும் அறுந்துபோகாது. இந்தப் படியில் வந்து நின்று மூச்சு வாங்குவான், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான், பிறகு என்னைப் பார்ப்பான். திங்கட்கிழமை வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

"வாணாம். மெதுவா வா வரதா," என்றேன்.

சரி என்று தலையாட்டினான். காலைப் பின்னால் எடுத்து, நிதானமாக வைத்து, நடந்து வந்தான். படிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

குவார்ட்டர்ஸ் சுவருக்குப் பின்னால் சாயங்காலம் கண்டெடுத்தார்கள். புதுச் சட்டையின் பொத்தானைக் கழற்றி நான்தான் பார்த்தேன். மூன்று தழும்பும் துவரம்பருப்பு அளவுக்குச் சுத்தமாக ஆறியிருந்தன. புடைப்பு எதுவும் இல்லை. இவ்வளவு நாள் நான் பார்த்துக்கொண்டது வீண்போகவில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அப்போதுதான் நீ ஓடிவந்து என் காலில் விழுந்தாய். நான்தான் பீச்சுக்கு வரச் சொன்னேன், நான்தான் கொன்றுவிட்டேன் என்று அழுதாய். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது, வீட்டில் யாரும் இல்லை, உன் கை என் காலைப் பிடித்திருந்தது. "வாரா வாரம் வந்து பாத்துக்கறேங்க்கா" என்றாய். சரிம்மா என்றேன். அவ்வளவுதான்.

எழுந்துவிட்டாயா? முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது? தாவீதைக் கட்டிக்கொள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? தூக்குவாளியைக் கழுவி வைக்கிறேன், அடுத்த ஞாயிறு வரும்போது எடுத்துக்கொள். புளியை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். ஏன் கதவை அப்படிப் போட்டு இழுக்கிறாய், கண்ணு? சும்மா சாத்தித்தான் இருக்கிறது. தாழ்ப்பாள் போடுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.