உத்தியோகம் இல்லாத சர்க்கார் பணம்

மெட்ராஸ் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் மாறிய புதிது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய அக்கா மகனும். சூளகிரிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள் என்பது பெரியவர் மடியிலிருந்த பூவிலும் பழத்திலும் தெரிந்தது.

"மாமா, மாசாமாசம் சர்க்கார் பணம் தரும். ஆனா அது உத்தியோகம் இல்ல," என்றான் அவன்.

பெரியவர் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "அப்ப கடனா?"

"திருப்பித் தர வேணாம்."

"பரிசா?"

"இல்ல மாமா. புதுசா நாடகம் போடறவங்க இன்னும் நல்லாக் கத்துக்கணும்னு ரெண்டு வருஷத்துக்கு டெல்லி சர்க்கார் தர்ற உதவித்தொகை."

"கத்துக்கிட்டா வேல குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குடா தர்றாங்க? பொண்ணு வீட்ல கவர்மெண்ட் வேலன்னு சொல்லிட்டேனே. சரி, நீ என்ன வேஷம் கட்டுவ?"

"நான் நடிக்கறதில்ல. நடிக்கறவங்க எங்க நிக்கணும், எப்பப் பேசணும்னு சொல்லுவேன்."

"அதுக்கா பணம்?"

சூளகிரி வந்ததும் பெரியவர் பூவையும் பழத்தையும் எடுத்துக்கொண்டார். இறங்க எழுந்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொண்ணோட அப்பாகிட்ட இப்படிச் சொல்றேன். பையனுக்கு டெல்லியில இருந்து சம்பளம் வருது..."

"அப்படி இல்ல மாமா. அங்க போனதும் மொதல்ல உக்காருங்க. தண்ணி குடுப்பாங்க, வாங்கி மெதுவாக் குடிங்க. அவரா கேக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

"எந்தப் பக்கம் பாத்து உக்காரட்டும்?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் இறங்கினார்.