உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வரி

— பையைக் கீழ வைங்கம்மா. இங்க யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க.

— இருக்கட்டும் ஐயா. மடியிலயே இருக்கட்டும்.

— உங்க இஷ்டம். நம்ம டோக்கன் பதினேழு. இப்பப் பதிமூணு உள்ள போயிருக்கு. அதுக்குள்ள எல்லாத்தையும் சரிபார்த்துடணும். பத்திரம் எழுதறவன் இப்படி அவசரப்படுத்தறானேன்னு நினைக்காதீங்க. அவசரம் உங்களோடது. அடுத்த வாரம்னு சொல்லிட்டுப் போனவங்க, இன்னைக்குக் காலங்காத்தால நான் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நிக்கறீங்க.

— இன்னைக்கே முடிஞ்சாகணும் ஐயா. அண்ணன் மகன் சாயங்காலம் வந்துடுவான்.

— பதினோரு வருஷமா எட்டிப் பார்க்காதவரா? அவருக்கு யார் சொன்னது?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து சொல்லியிருக்காங்க. அண்ணனைச் சேர்த்தப்போ எழுதின ஃபாரத்துல அவன் நம்பர்தான் முதல்ல இருக்கு.

— வந்தா வரட்டும். வீடு உங்க அண்ணன் சம்பாதிச்சது. தான் வளர்த்த பொண்ணுக்கு அவர் எழுதி வைக்கறார். இதுல அடுத்தவங்களுக்கு என்ன வந்தது? கேளுங்கம்மா, வாசிக்கறேன். "முதல்வருக்காக அவருடைய முகவர்…"

— முதல்வர்னா?

— பள்ளிக்கூடத்து முதல்வர் இல்லம்மா. பவர் குடுத்தவர், அதாவது உங்க அண்ணன். நீங்க அவரோட முகவர். உள்ள போய்க் கையெழுத்துப் போடப் போறது நீங்க, ஆனா சட்டத்துக்கு அது அவர் கை. புரியுதா?

— புரியுது.

— அப்புறம் ஏன் வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க? இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ரிஜிஸ்டர் ஆபீஸ்னாலே எனக்குப் பயம் ஐயா. எங்கயாவது ஒரு எழுத்து தப்பாப் போனா பாப்பா தெருவுல நிப்பா. மூணு வயசுலேர்ந்து அவரை அப்பான்னு கூப்பிடறா. முறையாத் தத்து எடுத்துக்கோன்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். நாளைக்கு நாளைக்குன்னே பதினாறு வருஷம் ஓட்டிட்டார்.

— அதைச் சரி பண்ணத்தானே இது. பாப்பா எங்க?

— குழாய்கிட்ட. முகம் கழுவிட்டு வரச் சொன்னேன்.

— நல்லது. இப்ப இந்தக் கடைசித் தாள். மத்ததெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். "எனக்கு அதிகாரம் அளித்தவர் இன்றைய தேதியில் உயிரோடு இருக்கிறார்." இதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடணும்.

— இதை எதுக்கு எழுதணும்?

— கேளுங்கம்மா. அவர் இருக்கற வரைக்கும்தான் உங்க கையெழுத்து செல்லும். அவர் கண்ணை மூடிட்டா, அந்த நிமிஷமே இந்தப் பவர் வெறும் காகிதம். அதுக்கப்புறம் போட்டா பத்திரமும் செல்லாது, போட்டவங்களும் ஜெயிலுக்குப் போகணும். சாட்சியா நின்னு உங்களை அடையாளம் காட்டின நானும் கூடவே போகணும். எனக்குன்னு இருக்கற சொத்து பத்திரம் எழுதற லைசென்ஸ் ஒண்ணுதான்.

— ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆனாக்கூடவா?

— ஒரு நிமிஷம் ஆனாக்கூட. ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான். அவ்வளவு கறாரான்னு கேட்டேன்.

— ராத்திரி எப்படி இருந்தார்?

— என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தார். பாப்பாவை விட்டுடாத, பாப்பாவை விட்டுடாதன்னு அதையே சொல்லிக்கிட்டு.

— காலையில?

— தூங்கறார்.

— உங்ககிட்டப் பேசினாரா?

— தூங்கறார் ஐயா. முகத்துல வலியே இல்ல.

— பையில அப்படி என்னம்மா, இந்த இறுக்கு இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க?

— அண்ணனோட சட்டை, கண்ணாடி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்.

— கண்ணாடியையுமா? எழுந்தா வேணாமா அவருக்கு?

— பதினாறு உள்ள போயாச்சு ஐயா. பேனாவைக் குடுங்க, போட்டுடறேன்.

— இருங்க. பவர் பத்திரத்துலயே அவர் போன் நம்பர் இருக்கு. ஒரு வார்த்தை அவர் வாயால கேட்டுட்டா என் மனசு ஆறும்.

— வேண்டாம் ஐயா. தூக்கம் கெட்டுடும்.

— அரை நிமிஷம்தான். எனக்கு மட்டும் பயம் இருக்காதா? வீட்டுல நாலு பேர் என்னை நம்பி இருக்காங்க.

— உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். அதோ பாப்பா வர்றா. அவ முன்னாடி வேண்டாம்.

— போன் போட்டுட்டேன், ரிங் போகுது… அம்மா, உங்க பையில அடிக்குது.