வெடி வழிபாடு என்று நினைத்த நான்கு நிமிடங்கள்

ஓடுகிறேன். இடுப்பில் என் மகள் அனு. நான்கு வயது. அழவில்லை. அதுதான் பயம். ரப்பர் தோட்டத்துச் சரிவு. ஒரு செருப்பு போய்விட்டது. பின்னால் ஓமனா அக்கா. கையைச் சேலையில் சுற்றியிருக்கிறார். சேலை சிவந்துகொண்டே வருகிறது. கீழே யாரோ கத்துகிறார்கள். "குனிஞ்சு போங்க! ரோட்டுல ஏறாண்டாம்!" மாலை நான்கு இருபத்தொன்று. நான்காவது குண்டு.

ஸ்டெல்லா அக்கா எங்களோடு வரவில்லை.

பத்திரிகையில் இரு தரப்பு மோதல் என்று வந்தது. பனச்சமூட்டுக்கு அருகே எங்கள் ஊர். கால்வாயின் இரு கரைகளும் ஒரு கொடிக்கம்பத்துக்காக ஒரு மாதம் அடித்துக்கொண்டன. குண்டு விழுந்த இடத்தில் நின்றவளுக்கு அதன் பெயர் போர்.

சமாதானப் பணி செய்யும் சிறு தொண்டு அமைப்பு ஒன்றில் நான் ஊழியர். இரு கரைப் பெண்களையும் சனிக்கிழமைதோறும் ஒரே பாயில் உட்கார வைப்பது என் வேலை. மரச்சீனிக் கிழங்கு உரிப்போம். அவிப்போம். சேர்ந்து தின்போம். எங்கள் முதல் விதி: கேட்டதைப் பரப்பாதே, கண்டதை மட்டும் சொல். கலவரத்தில் பாதி வதந்திதான். பயிற்சியில் படித்தேன். இவர்களுக்கும் கற்றுக்கொடுத்தேன். இன்றும் அது சரியான விதி என்றே நினைக்கிறேன். நினைக்கிறேனா? தெரியவில்லை. புதிதாக வரும் ஊழியர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அன்றும் சனிக்கிழமை. கும்பம், அதாவது மாசி மாதம். கோயிலில் திருவிழா. எங்கள் பக்கத்தில் வெடி ஒரு வழிபாடு. சீட்டு எடுத்தால் பெயரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் சொல்லி, இரும்புக் குழாயில் மருந்து இடித்து வெடிப்பார்கள். நாள் முழுக்கக் கேட்கும். குழந்தைகூடத் திடுக்கிடாது.

நான்கு பன்னிரண்டு. பாயில் ஓமனா அக்கா, ஸ்டெல்லா அக்கா, இன்னும் ஐந்து பேர். ஒரு சத்தம். தூரத்தில். அடைத்த சத்தம்.

"ஆருக்கோ கல்யாணம் உறச்சாச்சு ஆக்கும்," என்றார் ஓமனா அக்கா. "ஸ்டெல்லா, உனக்க மூத்தவளுக்கும் ஒரு வெடி நேர்ந்து பாரு. மாப்பிள ஓடி வருவான்."

"அந்தச் சத்தத்துக்கு வாற மாப்பிள பேடிச்சு திரும்பி ஓடுவான்டீ."

எல்லோரும் சிரித்தோம். நான்கு பதினைந்து. இரண்டாவது. ஸ்டெல்லா அக்கா சிரிப்பை நிறுத்தினார். பாறைமடையில் பல வருடம் கல் உடைத்தவர். சத்தம் தெரிந்தவர்.

"மக்கா, இது கோயில் வெடி இல்ல. மைக்கில ஒரு பேரும் சொல்லல்லியே. பிள்ளைய எடு. போவலாம்."

காற்று மாறி வீசுகிறது, அதனால் மைக் கேட்கவில்லை என்று நினைத்தேன். எல்லோரையும் கலைத்துவிட்டு ஒன்றுமில்லை என்றால்? அடுத்த சனிக்கிழமை யார் வருவார்கள்?

"அக்கா, பாக்காம சொல்லாண்டாம். வெடி வழிபாடுதான். இருங்க."

"நீ சொன்னா சரி." உட்கார்ந்தார். கிழங்கை எடுத்தார்.

அனு வெளிவாசலில் கோழியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நான்கு பத்தொன்பது. பலர் ஓடிவரும் காலடி. ஸ்டெல்லா அக்காவுக்குத்தான் முதலில் கேட்டது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். ஓமனா அக்கா பின்னால். நான் அப்போதுதான் எழுகிறேன்.

"எலே, பிள்ள நிக்குது! எறியாதே! பிள்ள!"

ஸ்டெல்லா அக்கா அனுவின் மேல் கவிழ்ந்தார். மூன்றாவது குண்டு. புகை. பிறகு சத்தமே இல்லை. அவருக்கு அடியிலிருந்து என் குழந்தையை இழுத்தேன். அவர் அசையவில்லை. நான் ஓடினேன்.

இழந்தவை இவை. ஸ்டெல்லா அக்கா, நாற்பத்தாறு வயது. ஓமனா அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள். அனுவின் வலது காதில் கேட்கும் திறன். சனிக்கிழமைகளில் கிழக்குக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்த மூவர், மேற்குக் கரையிலிருந்து வந்த இருவர்: உயிரோடு இருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. நான்கு பதினைந்திலிருந்து நான்கு பத்தொன்பது வரை, நான்கு நிமிடங்கள். அவை என்னிடம் இருந்தன.

ஸ்டெல்லா அக்காவின் மூத்த மகள் ஷீபாவைக் கடைத்தெருவில் பார்க்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்கிறேன். அவள் நின்று கேட்கிறாள்.

"அனுக்கு ஒண்ணும் இல்லல்லா சேச்சி?"

"ஒண்ணும் இல்ல மக்கா," என்கிறேன்.