மஞ்சள் கோடு போட்டவள் நான்

நாள் 14.06.2025, காலை 11.30 மணி. வேப்பனப்பள்ளி அருகே மாந்தோப்பில் ஜீப் மோதி சென்னம்மா என்ற கூலித் தொழிலாளி காயமடைந்த வழக்கில், அழைப்பில்லாமல் தானாகவே நிலையத்துக்கு வந்த சாட்சி கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் மாதேஸ்வரி, வயது 36, கணவர் பெயர் கருப்பசாமி. ஓசூர் பாகலூர் சாலையில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். சிப்காட்டில் ஓர் இருசக்கர வாகனத் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தேன். விருதுநகர் பக்கத்துக்காரரான என் கணவரும் அதே லைனில்தான் இருந்தார். 2019-ல் இருவரும் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்கு முன்னால் உள்ள ஷெட்டில் ஒர்க்‌ஷாப் வைத்தோம். ஜீப்புகளை உயர்த்திக் கட்டுவதும் பெரிய டயர் போடுவதும் அதற்கு ஏற்ப கியர் பெட்டியை மாற்றுவதும் எங்கள் தொழில். நல்ல ரோடு இருக்கும்போது பள்ளத்தைத் தேடிப் போகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களை நான் முகத்துக்கு நேராகவே கேலி செய்வதுண்டு. எங்கள் அடுப்பு அவர்களால்தான் எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் முடுக்குவது என் கணவர், சரிபார்ப்பது நான். அவர் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் நான் இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் நட்டின் மீதும் அது உட்காரும் இடத்தின் மீதும் சேர்த்து மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பேன். பிறகு யாராவது நட்டைத் திருப்பினால் கோடு விலகிவிடும், விலகாத கோடு என்றால் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். இது லைனில் கற்ற பழக்கம். மாதேஸ்வரி கோடு போட்டால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், மறைப்பதற்கில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு, அது நல்ல பழக்கம் அல்ல. உயர்த்திக் கட்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்க அதிகாரி முன்னால் நிறுத்த முடியாது. ஆகவே வண்டியிலிருந்து முதலில் கழற்றிய கம்பெனிச் சாமான்களை ஒரு சாக்கில் கட்டி, மேலே வண்டி எண் எழுதிப் பரணில் போட்டு வைப்போம். ஆய்வுக்கு முந்தின நாள் அவற்றைத் திரும்பப் பூட்டி, உயர்த்திய சாமான்களைச் சாக்கில் போடுவோம். ஆய்வு முடிந்ததும் மறுபடி மாற்றுவோம். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான் என்று சொல்லிக்கொள்வோம். எல்லோரும் செய்தாலும் தப்பு தப்புதான் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

சிப்காட்டில் சிறு உதிரிபாகத் தொழிற்சாலை நடத்தும் சுபாஷ் என்பவருக்கு 2010-ஆம் வருட ஜீப் ஒன்று உண்டு. 2023 மார்ச் மாதம் அதை நான்கு அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் போட்டுக் கொடுத்தோம். வண்டியை உயர்த்தினால் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸையும் நீளமாகப் போட வேண்டும். ஹோஸ் குட்டையாக இருந்தால் சமதளத்தில் எட்டிவிடும், சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எட்டாது. அதனால் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஹோஸ் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே விடுவோம். அப்போது அப்படிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்ததால் சென்ற மாதம் 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கம்பெனிச் சாமான்களைப் பூட்டினோம். குட்டை ஹோஸ் உட்பட எல்லாவற்றையும் நான் சரிபார்த்துக் கோடு போட்டேன். மறுநாள் ஆய்வு முடிந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு மலைப்பக்கம் போக வேண்டும் என்று சுபாஷ் அவசரப்படுத்தியதால், 30-ஆம் தேதி என் கணவர் ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் டயர்களையும் மாற்றினார். முன் சக்கர ஹோஸ்களில் என் கோடு புதிதாக, நேராக இருந்ததைப் பார்த்து, அவசரமென்றால் ஹோஸ்களை நானே மாற்றுவதும் உண்டு என்பதால், நான் முன்கூட்டியே நீள ஹோஸ் போட்டு முடித்துவிட்டதாக நினைத்து அவற்றைத் தொடவில்லை. அதன் பிறகு நான் டார்ச் அடித்துச் சுற்றி வந்தேன். புதிதாக முடுக்கியவற்றுக்குக் கோடு போட்டேன். ஹோஸ்களில் ஏற்கெனவே கோடு இருந்தது. அது செவ்வாய்க்கிழமை குட்டை ஹோஸுக்கு நான் போட்ட கோடு. சக்கரத்தைத் தொங்கவிட்டும் பார்க்கவில்லை, இதே வண்டியைத்தான் முன்பே பார்த்தாயிற்றே என்ற எண்ணம். அடுத்தவர் வேலையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. என் கோட்டை நம்பினேன்.

31-ஆம் தேதி சுபாஷின் டிரைவர் முனிராஜ் வந்து வண்டியை எடுத்துப் போனார். அவருக்கு வயது 29 இருக்கும், சானமாவு பக்கத்தைச் சேர்ந்தவர். இந்த மாதம் 1-ஆம் தேதி காலை ஐந்து வண்டிகள் மாந்தோப்பு வழியாகச் சரிவில் இறங்கியபோது முனிராஜ் ஓட்டிய ஜீப் பிரேக் பிடிக்காமல் போயிற்று என்றும், நேரே மரத்தடியில் நான்கு பெண்கள் மாங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்ததால் அவர் வண்டியை மண்கரைப் பக்கம் திருப்பினார் என்றும், புதர் மறைவில் கூடையோடு நின்ற சென்னம்மாவின் கால் வண்டிக்கும் கரைக்கும் நடுவே சிக்கி இரண்டு இடத்தில் முறிந்தது என்றும், ஊரார் முனிராஜை அடித்தார்கள் என்றும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் நேரில் பார்க்கவில்லை. டிரைவர் கியர் போடாமல் நியூட்ரலில் இறக்கினார் என்று சுபாஷ் சொல்லியிருப்பதாகவும் அறிந்தேன். அவர் முன்னால் போன நண்பரின் வண்டியில் இருந்தவர். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்.

4-ஆம் தேதி வேறொரு வண்டிக்காகப் பரணில் சாமான் தேடியபோது சுபாஷின் சாக்கு கைபட்டுச் சரிந்தது. அதிலிருந்து இரண்டு நீள ஹோஸ்கள் வெளியே விழுந்தன. அவை வண்டியில் இருக்க வேண்டியவை. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

6-ஆம் தேதி இன்சூரன்ஸுக்காக வண்டியைப் பார்க்க வந்த சுபாஷோடு நானும் இந்த நிலையத்துக்கு வந்தேன். இடது முன் ஹோஸ் இழுபட்டு, முனையிலுள்ள இரும்பு மூடியின் கழுத்தில் அறுந்திருந்தது. பாறையில் அடிபட்டு அறுந்தால் ரப்பர் நசுங்கியிருக்கும், இது நசுங்கவில்லை. அது குட்டை ஹோஸ்தான், நட்டில் என் கோடு விலகாமல் இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் லீவர், மெதுவாக இறங்குவதற்கான லோ கியரில் இருந்தது, நியூட்ரலில் இல்லை. ஹேண்ட்பிரேக் கடைசிப் பல் வரை இழுக்கப்பட்டிருந்தது. வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்ததாகவும் லீவர்களை யாரும் தொடவில்லை என்றும் ஏட்டு அய்யா சொன்னார். பெரிய டயர் போட்ட வண்டியைக் கியராலும் ஹேண்ட்பிரேக்காலும் மட்டும் அந்தச் சரிவில் நிறுத்த முடியாது. முனிராஜ் செய்ய வேண்டியதை எல்லாம் செய்திருக்கிறார். குதித்து ஓடியிருந்தால் அவர் மீது ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

அன்று வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றேன். என் கணவர், "மோதினதுலதான் ஹோஸ் அறுந்திருக்கும்னு போலீஸ்காரங்களே நினைக்காங்க. நீயா போயி இல்லைன்னு சொல்லணுமா? நாளைக்கே ஷெட்டுக்கு சீல் வைப்பாங்க, அப்புறம் மறுபடி லைன்ல போயி நிக்கிறியா?" என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். நானும் பயந்தேன். ஆறு வருட உழைப்பு அந்த ஷெட். ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த ஐந்து நாளும் ஒரு நட்டுக்கும் என்னால் கோடு போட முடியவில்லை.

அதன் பிறகு 11-ஆம் தேதி முனிராஜின் வீட்டுக்குப் போனேன். தலையில் கட்டோடு இருந்தார். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர், "அக்கா, நான் மிதிச்சனா இல்லியான்னே இப்ப தெரியல. பத்து வருசமா ஓட்டறன், ஒரு கோழி மேலகூட உட்டதில்ல. நாந்தான் பயத்துல கால மாத்தி வச்சிட்டனோ என்னமோ. லைசென்ஸ் போனா போவுது, இனிமே ஸ்டேரிங்க தொடறதா இல்ல" என்றார். செய்யாத தப்பை அந்த மனிதர் தன் காலிலேயே தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க மிதிச்சீங்க. ஹோஸ் குட்டை. நாந்தான் பாக்காம உட்டுட்டன்" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. என்னை மூன்று முறை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்.

அதன் பிறகு 12-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சென்னம்மாவைப் பார்த்தேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் யார் என்பதையும் என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் பையன் பிரேக்கு மிதிச்சானா?" என்று கேட்டார்.

"மிதிச்சாரும்மா. அவர் மேல தப்பு இல்ல."

"கால் மாட்டிக்கினு கெடக்கறப்ப அவன்தான் மொதல்ல ஓடி வந்து வண்டிய தள்ளுனான். அவன் மூஞ்சிலயே மண்ண வாரித் தூத்தி, உன் கை காலு வெளங்காம போவன்னு சாபம் உட்டன். உட்டது உட்டதுதான. அத எங்க போயி அள்றது?"

அந்தச் சாபம் என் மீது வரட்டும் என்றேன். "அது என்னா பஸ்சு சீட்டா, எழுந்து உனுக்கு எடம் குடுக்க?" என்றார். பிறகு, "நீ மொதல்ல போயி ஸ்டேசன்ல சொல்லு. அந்தப் பையன இங்க வரச் சொல்லு, அவன் மூஞ்சிய நான் என் கையால தொடைக்கணும். உன்னப் பத்தி அப்புறம் யோசிக்கிறன்" என்றார்.

இதை யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்கிறேனா என்று கேட்டதற்கு, இல்லை என்று சொன்னேன். நேற்று இரவு, இங்கே வரப்போவதை என் கணவரிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை, இரண்டு நீள ஹோஸ்களையும் துடைத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அவற்றை இப்போது ஒப்படைக்கிறேன். இன்று வரும் வழியில் முனிராஜை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். நான் உள்ளே போகவில்லை. சென்னம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். தவறு ஒர்க்‌ஷாப்புடையது என்று எழுதியிருந்த இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னேன், எழுதினார்கள். மற்றபடி நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) க. மாதேஸ்வரி