உட்கார்ந்தான் விலக்கு

முதலில் தப்புச் செய்தவர் ராஜாபாதர். மேலக்கோட்டை ராஜாபாதர், மூன்று பஸ் வைத்து ஓட்டிய மொதலாளி. அவர் பேரைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் வகையறாவில் எல்லோரும் இந்தக் கதையை ஆரம்பிப்போம். பேரைச் சொல்லியாச்சு. இனிக் கேளுங்க.

வெள்ளைக்காரன் கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் அரிசியையும் பெட்ரோலையும் அளந்து கொடுத்த காலம். மலைக்குக் கீழே மருதூத்து என்று ஊர். மலைக்கு மேலே மேலக்கோட்டை. இரண்டுக்கும் நடுவில் கணவாய் ரோடு, ஏழு வளைவு. மருதூத்தில் சந்தைக்குப் பின்னால் சோலையப்ப ஆசாரி என்று ஒருவர் பட்டறை வைத்திருந்தாராம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற பட்டறை. ஆள் குட்டை, குடுமி வைத்தவர், பேச்சு கம்மி. ஒரு இரும்பைக் கையில் வாங்கினால் அது எந்த வேலைக்கு ஆகும், எந்த வேலைக்கு ஆகாது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாராம்.

ஒரு நாள் ஒரு தோட்டத்து துரையின் கார் பட்டறை வாசலில் படுத்துவிட்டது. அடியில் குலுக்கலைத் தாங்குகிற வில் முறிந்துபோனது. துரை மெட்ராசுக்குத் தந்தி கொடுத்தாலும் சாமான் வர மூன்று வாரம். ஆசாரி காருக்கு அடியில் போய்ப் படுத்தார், பார்த்தார், வெளியே வந்தார். பழைய ரம்பத் தகட்டைக் காய்ச்சி, அடித்து, எண்ணெயில் முக்கி, மறுநாள் மத்தியானம் மாட்டிக் கொடுத்துவிட்டார். துரை அந்த வில்லோடேயே நாலு வருசம் ஓட்டினார் என்று சொல்லுவார்கள். அன்றைக்கு மாட்டுவண்டிப் பட்டறை மோட்டார் பட்டறை ஆனது. யாரிடமும் படிக்கவில்லை. கழற்றினார், பார்த்தார், செய்தார். அவ்வளவுதான் படிப்பு.

சண்டை முற்றினதும் சீமைச் சாமான் வரத்து நின்றுபோனது. பஸ்ஸுக்குப் பின்னால் அண்டா மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில் பஸ் ஓட்டினார்கள். ஓடுவதற்குக் கரி கிடைத்தது. நிற்பதற்கு வழி இல்லை. பிரேக் பட்டை தேய்ந்தால் புதுப் பட்டை கிடையாது. சக்கரத்துக்குள்ளே அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துகிறது அந்தப் பட்டைதான். அது இல்லாமல் கணவாயில் இறங்க முடியுமா?

சோலையப்ப ஆசாரி பட்டை செய்தார். கெட்டிப் பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாக வைத்து, நடுவில் பித்தளைக் கம்பி ஓட்டி, அவரே காய்ச்சிய பிசினில் ஊறப்போட்டு, இரண்டு இரும்புப் பலகைக்கு நடுவில் நெருக்கி, அடுப்பில் வேகவைத்து எடுத்தார். தைத்தது அவர் சம்சாரம் சீனியம்மா. ஒரு பட்டைக்கு எத்தனை தையல் என்று அந்த அம்மாளுக்குத்தான் தெரியும். ராஜாபாதர் மூன்று பஸ்ஸுக்கும் அந்தப் பட்டையைத்தான் மாட்டினார். கொடுக்கும்போது ஆசாரி ஒன்றே ஒன்று சொன்னாராம். தண்ணீர் பட்டால் காயவிட்டு ஓட்டுங்க, எண்ணெய் மட்டும் படவே கூடாது.

பட்டை நன்றாகப் பிடித்தது. ஆனால் கத்தியது. ஒவ்வொரு வளைவிலும் கீச்சென்று கத்துமாம். ராஜாபாதர் பஸ் வருது, பன்னியைப் பிடிச்சுக் கட்டுங்கடா என்று சந்தையில் கேலி பேசினார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் அப்பா காலம் வரைக்கும் இருபது ஜோடி மாட்டு வண்டி வைத்திருந்த குடும்பம். வண்டி அச்சு கத்தினால் என்ன செய்வார்கள்? விளக்கெண்ணெய் விடுவார்கள். சத்தம் நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் அவர் பஸ் ஷெட்டில் இருந்த ஆளைக் கூப்பிட்டு, முதலில் இறங்குகிற பஸ்ஸின் சக்கரத்தைக் கழற்றி அந்தப் பட்டைக்கும் ரெண்டு கரண்டி விளக்கெண்ணெய் விடு என்று சொல்லிவிட்டார். சத்தம் நின்றது. வண்டியும் நிற்காது என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். மேலக்கோட்டையிலிருந்து முதல் பஸ் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு இறங்கியது. ஓட்டியவர் மரியசெல்வம் என்ற டிரைவர். ஆறு வளைவைக் கியரிலேயே பிடித்துப் பிடித்து இறக்கிவிட்டார். ஏழாவது வளைவில் முடியவில்லை. பஸ் ஓடைக்குள் விழுந்தது. கருப்பட்டி விற்க வந்த ஒரு பெண்பிள்ளை அங்கேயே போய்விட்டது. மரியசெல்வம் கொஞ்ச நேரம் உயிரோடு கிடந்து, தம்பியைக் கூப்பிட்டு, மிதிச்சேன்டா, பிடிக்கல என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

ஆசாரி ஓடைக்கு ஓடினார். சக்கரத்தைப் பிரித்தார். பட்டையை மூக்கருகே கொண்டுபோனார். விளக்கெண்ணெய் வாசம். ஓடைக்கரைக்கு வந்து நின்ற ராஜாபாதரைத் திரும்பிப் பார்த்தார். ராஜாபாதருக்கும் அந்த நிமிசமே தெரிந்துவிட்டது என்று சொல்லுவார்கள். தெரிந்தும் என்ன செய்தார்? நேராகச் சந்தைக்குப் போனார். தராசுக் கல் வைக்கிற மேடை மேலே ஏறி நின்றார். அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னார்.

"நாட்டுச் சாமானை நம்பினேன். மாட்டு வண்டி ஆசாரி ரெண்டு உசுரைக் கொன்னுட்டான்."

அதோடு ஆசாரி கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் லாரிக்காரன், பஸ்காரன் எல்லோரும் வாங்கின பட்டைகளைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் வீசினார்கள். வேலை பார்த்த ஒன்பது பேரில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். சீனியம்மா தண்ணீருக்குப் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடும். ஆசாரி மட்டும் உலையை அணைக்கவில்லை. எண்ணெய் விஷயத்தைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பார்த்தார். தப்புப் பண்ணினவன் வேற எப்படிப் பேசுவான் என்று திருப்பிச் சொன்னார்களாம்.

அடுத்த சந்தைக்கு ஆசாரி வந்தார். அதே மேடைக்குக் கீழே வந்து நின்றார். ராஜாபாதர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, உங்க ரெண்டாவது பஸ்ஸுலயும் என் பட்டைதான் இருக்கு. எண்ணெய் படாத பட்டை. முப்பது மணல் மூட்டையை ஏத்துங்க. கணவாயில இறக்குங்க. ஏழாவது வளைவுல நான் ரோட்டு நடுவுல இருப்பேன். நிக்கலைன்னா நீங்க சொன்னது நெசம். நின்னுச்சுன்னா?"

ராஜாபாதர் சிரித்தார். "நின்னுச்சுன்னா இதே மேடையில ஏறி, தப்பு என் மேலதான்னு என் வாயாலயே சொல்றேன். போதுமா?"

"போதும்."

அத்தனை சனமும் கேட்டது. இதை நன்றாக மனசில் வையுங்கள். அத்தனை சனமும் கேட்டது.

யார் ஓட்டுவது என்று கேள்வி வந்தது. ஒரு டிரைவரும் முன்னால் வரவில்லை. அப்போது செத்துப்போன மரியசெல்வத்தின் தம்பி சவரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவனும் அதே கம்பெனியில் டிரைவர். கையில் துக்கத்துக்குக் கட்டின கறுப்புத் துணி இருந்தது.

"நான் ஓட்டுறேன்" என்றான்.

கூட்டத்துக்குள் ஒரே கேள்வி. இவன் பிரேக்கை மிதிப்பானா, ஆசாரியை மிதிப்பானா? மிதிக்காமல் விட்டுவிட்டு, பிடிக்கலைய்யா என்று சொன்னால் யார் கேட்க முடியும்? ஆசாரிக்கும் அது தெரியாதா? ஆனாலும் அவர் சவரிமுத்துவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதான்ப்பா ஓட்டணும். உனக்குத்தான் பாத்தியதை" என்றாராம்.

சீனியம்மா அழவில்லை என்று சொல்லுவார்கள். மறுநாள் காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலக்கோட்டைக்கு நடந்தே ஏறிப்போனாள். பஸ்ஸின் நாலு சக்கரத்தையும் கழற்றச் சொன்னாள். கம்பெனி ஆட்கள் முணுமுணுத்தார்கள். "கட்டினவனை ரோட்டுல உக்கார வைக்கிறவ நானு. எனக்கு இல்லாத அவசரம் ஒங்களுக்கு என்ன?" என்று கேட்டாளாம். ஒவ்வொரு பட்டையையும் துணியால் துடைத்துப் பார்த்தாள். தையலை விரலால் எண்ணிப் பார்த்தாள். மாட்டச் சொன்னாள். மாட்டி முடித்தும் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சவரிமுத்து ஏறி உட்கார்ந்து வண்டியை எடுக்கிற வரைக்கும் பின் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றாளாம்.

கீழே ஏழாவது வளைவில் மருதூத்தே கூடியிருந்தது, ராஜாபாதரும் காரில் வந்திருந்தார். ஆசாரி வந்தார். ரோட்டு நடுவில் துண்டை விரித்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர், ஏன்யா உட்காருற, நில்லு, ஒருவேளைக்கு ஓடவாவது செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"நின்னா காலு ஓடச் சொல்லும்ண்ணே. உக்காந்தா சொல்லாது" என்றாராம் ஆசாரி.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் இன்றைக்கும் மருதூத்தில் அவருக்கு இவ்வளவு மரியாதை.

மேலே சத்தம் கேட்டது. முதல் வளைவு, கீச். இரண்டாம் வளைவு, கீச். மூன்று, நாலு, ஐந்து, கீச், கீச், கீச். அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரும் கேலி பண்ணவில்லை. ஆறாவது வளைவு தாண்டினதும் சத்தம் நின்றுபோனது. பஸ் வேகம் பிடித்தது. சவரிமுத்து வேண்டுமென்றுதான் விட்டான். கரிப்புகையைக் கக்கிக்கொண்டு பஸ் நேராக வருகிறது. கூட்டம் ஓடைப் பக்கம் சிதறியது. ஆசாரி இமைக்கவில்லை. டிரைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருபது கஜம் இருக்கும்போது சவரிமுத்து மிதித்தான். ஊரே காதைப் பொத்துகிற மாதிரி ஒரு கீச். சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. நின்றது. ஒரு முழம் இருந்தது என்று சிலர் சொல்லுவார்கள். ஒரு சாண் என்று சிலர். குடுமி பம்பரில் உரசியது என்று எங்கள் சின்னப் பாட்டி சத்தியம் பண்ணும்.

சவரிமுத்து இறங்கினான். ஆசாரிக்கு முன்னால் வந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"பாதி மிதிக்கே பிடிச்சுருச்சு ஆசாரி" என்றான். பிறகு தலையைத் திருப்பி ராஜாபாதரைப் பார்த்தான். "அப்ப என் அண்ணனைக் கொன்னது என்ன மொதலாளி?"

ராஜாபாதர் சனத்தைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்தது. சந்தை மேடை அங்கிருந்து அரை மைல்கூட இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். "டிரைவர் கெட்டிக்காரன், நிறுத்திட்டான்" என்றார். காரில் ஏறினார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீசினவர்கள் எல்லோரும் பட்டறை வாசலில் வரிசையில் வந்து நின்றார்கள். சவரிமுத்து கம்பெனியை விட்டுவிட்டு ஆசாரியிடமே வந்து சேர்ந்தான். ஒன்பது பேர் இருந்த பட்டறையில் சுதந்திரம் வந்தபோது தொண்ணூறு பேர். அதற்குப் பிறகு நானூறு. பட்டை, வில், அச்சு, கடைசியில் முழு பஸ். மருதூத்துப் பட்டை போட்ட வண்டியா என்று கேட்டுவிட்டு ஏறின சனமும் உண்டு. ராஜாபாதரே அங்கேதான் வாங்கினார். ஆசாரி இல்லை என்று சொல்லவில்லை. வண்டியில ஏறுற சனம் என்ன பாவம் பண்ணுச்சு என்று கொடுத்தார்.

புதுத் தொழிற்சாலை திறந்த அன்றைக்கு ராஜாபாதர் வெள்ளித் தட்டில் மாலை, பட்டு எல்லாம் வைத்துக்கொண்டு வந்தாராம். ஆசாரி வாசலிலேயே நிறுத்தினார். மேடைக்குப் போவோமா மொதலாளி என்று கேட்டார். பழசை ஏன் ஆசாரி கிளறணும் என்றார் ராஜாபாதர்.

"இன்னும் சொல்லாதது எப்படிப் பழசாகும்?" என்று கேட்டாராம் ஆசாரி. தட்டு வந்த வழியே திரும்பிப் போனது.

இதுதான் நடந்தது. இப்போது ஏழாவது வளைவில் யாரோ ஒரு சாமியார் தவம் இருந்தார், அதனால்தான் அந்த பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பேர் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். சாமியாரும் இல்லை, சித்தரும் இல்லை. கண்டக்டர் "உட்கார்ந்தான் விலக்கு எறங்கு" என்று கத்துகிறாரே, அந்த உட்கார்ந்தான் எங்கள் சோலையப்ப ஆசாரி. ஆயுத பூசைக்கு மறுநாள் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள், தங்கள் கையால் பிரேக் மாட்டின வண்டியை அங்கே கொண்டுவருவார்கள். மாட்டினவன் துண்டை விரித்து ரோட்டில் உட்காருவான். டிரைவர் வண்டியை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்துவான். அதற்குப் பிறகுதான் வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள். உட்கார மாட்டேன் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் இந்தச் சீமையில் ஒருத்தனும் வண்டி விடமாட்டான்.

ஆசாரி போய்ச் சேர்ந்த அன்றைக்கு ராஜாபாதர் உயிரோடு இல்லை. அவர் மகன் ஆள் உயரத்துக்கு மாலை கொண்டுவந்தார். சீனியம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"மாலையைக் கீழ வையிங்கய்யா. ஒங்க அப்பா சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அதை நீங்க சொல்லிட்டுப் போடுங்க" என்றாளாம்.

அவர் சொல்லவில்லை. மாலையைச் சுவரோரம் சாத்தினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ராஜாபாதர் பேரன் இருக்கிறார். முப்பது பஸ் ஓடுகிறது. மருதூத்துச் சந்தை செவ்வாய்க்கிழமை தவறாமல் கூடுகிறது. மேடைக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், ஏறுவதற்குப் படியும் கட்டியிருக்கிறார்கள். நாலே படி. அந்த வீட்டு ஆள் யாரும் இன்னும் ஏறவில்லை.